நைட்ரஸ் மாட்டிக் கொடுத்த மெக்கானிக்

சிவகாசியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, கழுத்து வரை பொத்தான் போட்ட காக்கிச் சட்டை. எந்த வண்டியைத் தொடும் முன்பும் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்து எடுப்பார். முன்பு பட்டாசு ஆபீசில் வேலை பார்த்த பழக்கம்; பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். உடம்பில் இருக்கிற கரண்ட் மண்ணுக்குள் போய்விடுமாம்.

நண்பனோடு கார் பந்தயம் வைத்திருந்தேன். இஞ்சினுக்குள் நைட்ரஸ் கேஸ் விட்டால் கார் பறக்கும் என்று பிரவுசிங் சென்டரில் படித்துவிட்டு அவரிடம் போனேன்.

"அண்ணாச்சி, ட்ரை செட் நல்லதா, வெட் செட் நல்லதா?"

"ட்ரைன்னா கேஸ் மட்டும் போகும். அதுக்கேத்த பெட்ரோலை வண்டிதான் கூட்டிக் கொடுக்கணும். கொடுக்கலைன்னா பிஸ்டன் உருகிரும். வெட்டுன்னா ரெண்டையும் நாமளே அளந்து சேர்த்து விடணும். பெட்ரோல் வழியில தேங்குச்சுன்னா வெடிச்சிரும்."

"அப்ப எதைப் போட?"

"எங்க வீட்டுக்காரி தாயில்பட்டி ஆபீசுல பட்டாசு மருந்து கலக்குறா. அளந்து கலக்குறதைத்தான் நான் நம்புவேன். வெட்டே போடுவோம். பந்தயம் எந்த ரோட்டுல தம்பி?"

"வெம்பக்கோட்டை ரோட்டுல."

"ஆபீசுக்கு ஆளுகளை ஏத்திட்டுப் போற வேன் ஓடாத நாளாப் பாத்து வைங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் ஜெயித்தேன். எல்லையைத் தாண்டி நிறுத்தினால், வளைவில் அவர் சிவப்புத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒரு டிராக்டரும் இரண்டு சைக்கிள்காரர்களும் அவருக்குப் பின்னால் காத்திருந்தார்கள். அவரை நான் வரச் சொல்லவே இல்லை.

"அண்ணாச்சி, ஜெயிச்சிட்டேன்!" என்று ஓடினேன்.

"சரி தம்பி," என்றார். "இவுகளை விட்டுறலாமா?"