இரண்டாவது பட்டன்

பிரஸ் மெஷினுக்கு பி.எல்.சி. என்கிற கம்ப்யூட்டர் கன்ட்ரோலைப் போடச் சொல்லி முதலாளியின் உயிரை எடுத்தவர், ஆலையின் எலக்ட்ரீஷியன்தான். காரணம் ஆலைக்கே தெரியும். தகட்டை மூடியாக வெட்டும் அந்த மெஷின்தான் அவருடைய தங்கையின் இடது கையை முழங்கை வரை வாங்கிக்கொண்டது.

இரண்டு பட்டனை இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் பிரஸ் இறங்க வேண்டும். அப்போதுதான் கை உள்ளே இருக்காது. ஆனால் பழைய பேனலில் இருந்தவை ரிலேக்கள். கரண்ட் வந்தால் டக்கென்று ஒட்டும், போனால் விடும். அமுக்கியது கையா வேறு ஏதாவதா என்று கேட்கிற வழக்கம் அவற்றுக்குக் கிடையாது. வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று எல்லோரும் ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டினார்கள். தங்கையும் அப்படித்தான் ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளுக்கு முதலாளி பெரிய மனசு பண்ணி அதே மெஷினைக் கொடுத்தார். டேப் இருக்கும்போது ஒரு கை போதாதா? அந்த ஒரு கையின் சம்பாத்தியத்தில்தான் அவளும் மகளும் சாப்பிட்டார்கள்.

பி.எல்.சி. வந்தது. இரண்டு பட்டனும் ஒரே நேரத்தில் அமுங்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் விட்டு விட்டு அமுங்க வேண்டும். பட்டனைச் சுற்றி ஆழமான மூடி வேறு, முழங்கையை வைத்து அமுக்க வழியில்லை. டேப் ஒட்டிப் பார்த்தார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது. எலக்ட்ரீஷியனுக்கு வாயெல்லாம் பல். அந்தச் சந்தோஷம் மதியச் சாப்பாடு வரைகூட நிற்கவில்லை. சூப்பர்வைசர் தங்கையைக் கூப்பிட்டு, மாசக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். அவ்வளவு பாடுபட்டு பி.எல்.சி.யை வரவழைத்த அண்ணன் மூளைக்கு இது முன்னாலேயே எட்டியிருக்க வேண்டாமா? எட்டவில்லை.

தங்கை பேனல் பக்கம் வந்து நின்றாள்.

"அண்ணே, உள்ள ஏதாவது ஒயரை மாத்திவிட்டா, நான் ஒண்ணை அமுக்கினாலே ரெண்டும் அமுக்கின மாதிரி ஆகாதா?"

ஆகும். இரண்டு பட்டனின் ஒயரையும் சேர்த்து முறுக்கினால் போதும், ஒரு நிமிஷ வேலை. ஆனால் அடுத்த ஷிப்டில் அதே மெஷின் முன்னால் வேறொரு பெண் நிற்பாள், இரண்டு கையோடு.

"ஆகாதும்மா. இது கம்ப்யூட்டர், கண்டுபிடிச்சிடும்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"என் கை உள்ள மாட்டிக்கிட்டப்போ, ஒண்ணும் ஆகலைன்னு சொன்னியே. அப்பவும் உன் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு."

 ஆனாலும் அவர் பேனல் கதவைச் சாத்திப் பூட்டினார்.