முதுகைப் பார்க்காத விசாரணை

முதலில் காட்டிக்கொடுத்தது மணம்தான். கிளிநொச்சியில் அக்காவைச் சேர்த்திருந்த முதியோர் இல்லத்துக்குப் போய், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். வாசனைச் சவர்க்காரத்துக்கு அடியில் அது வந்தது. பதுங்குகுழிக்குள் காயக்காரரோடு கிடந்து எழும்பிய எங்களுக்கு அந்த மணத்தை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. அக்காவைச் சரித்துச் சட்டையைத் தூக்கினேன். இடுப்புக்குக் கிட்ட, உள்ளங்கை அகலத்துக்குத் தசை கறுத்து, நடுவில் குழி விழுந்திருந்தது.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அக்கராயனில் என்னோடுதான் இருந்தார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தபின் எழும்பவேயில்லை. எனக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. தூக்கிப் புரட்ட முடிந்திருந்தால் ஒரு நாளும் அவரை வெளியில் விட்டிருக்க மாட்டேன். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஈரத்தில் கிடக்க விடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இல்லத்தில் சேர்க்கிற அன்று அதை நானே பொறுப்பாளர் அம்மாவுக்குச் சொன்னேன். "எங்களுக்குத் தெரியாததே அம்மா" என்று சிரித்தவர் அவர்.

அவரைக் கூப்பிட்டுப் புண்ணைக் காட்டினேன்.

"வயசுபோன உடம்பு, வரும்தானே அம்மா. நாங்கள் பவுடர் போடுறம்."

"பவுடர் போட அவா என்ன கலியாண வீட்டுக்கே போறா?"

அவருக்கு முகம் கறுத்தது. எனக்கும் அதற்குமேல் அவரோடு கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. இப்படியான இல்லங்களைக் கண்காணிக்கிறது பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பகுதி என்று சொன்னார்கள். புதன்கிழமை அங்கே சனங்களைச் சந்திக்கிற நாள். பஸ் எடுத்துப் போய், என் முறை வரும்வரை இருந்தேன்.

உத்தியோகத்தர் என் கடைசி மகனைவிட இளையவர். தம்பி என்று தொடங்கினேன். வாசலில் நின்ற பணியாளர் குனிந்து, "சேர் எண்டு சொல்லெணை" என்றார்.

"தம்பி எண்டுறது அதைவிடப் பெரிய மரியாதை" என்றேன்.

எனக்கு என் பெயர் எழுத வரும், பஸ்ஸின் பலகை வாசிக்க வரும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்ல அவர் எழுதினார். வாசித்துக் காட்டச் சொன்னேன். பராமரிப்பில் குறைபாடு என்று ஏதோ எழுதியிருந்தார்.

"குறைபாடு எண்டு நான் சொல்லேல்லை, தம்பி. புண் எண்டு சொன்னனான். புண் எண்டு எழுதுங்கோ."

எழுதினார். அவர் வந்து பார்ப்பார், பார்த்தால் விளங்கும் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் வந்த அன்று நானும் இல்லத்தில் இருந்தேன். வருகிற நாளை எனக்கும் முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டார்கள். எந்த நாள் வசதி என்று இல்லத்தைத்தான் கேட்டார்களாம். இல்லம் சொன்ன நாளில், வெளிநாட்டிலுள்ள யாரோ ஒருவர் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கொடுத்த சாப்பாடு. கட்டிலெல்லாம் புது விரிப்பு. குசினியில் பாயசம். உத்தியோகத்தர் உள்ளே வந்து அறைக்குக்கூடப் போகவில்லை, பொறுப்பாளர் அம்மா வாழையிலையைப் போட்டுவிட்டார்.

"வேண்டாம் அம்மா, நான் டியூட்டியில."

"எங்கட வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போறதே? பிள்ளையின்ரை பிறந்தநாள் சாப்பாடு."

இரண்டாவது தரம் மறுக்க எங்கள் சனத்துக்கு வராது. கையைக் கழுவிவிட்டு இருந்தார். பாயசம் இரண்டு தரம் வாங்கினார். கதவடியில் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அந்த வீட்டை ஒரு சொல் சொல்ல எங்களில் யாருக்கு நா எழும்பும்? அது பொறுப்பாளர் அம்மாவுக்கும் தெரியும். உத்தியோகத்தருக்கு மட்டும்தான் தெரியவில்லை, அல்லது தெரிந்துதான் இருந்தாரோ, நான் அறியேன்.

சாப்பிட்ட கையோடு அக்காவின் கட்டிலடிக்கு வந்தார். பக்கத்தில் பொறுப்பாளர் அம்மா.

"அம்மா, இஞ்சை ஏதும் குறை இருக்கோ?"

அக்கா இரண்டு கையையும் கூப்பினார். "ஒரு குறையுமில்லை ராசா. நல்லாப் பாக்கினம்."

அக்காவும் அவர்களுடைய சோற்றைத்தானே தின்கிறார்.

"அக்கா, முதுகைக் காட்டு" என்றேன்.

"சும்மா இரெடி" என்று அக்கா பல்லைக் கடித்தார்.

உத்தியோகத்தர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேண்டாம் அம்மா. பொம்பிளையளின்ரை விசயம். பொறுப்பாளர் பாக்கிறாதானே."

விசாரணை அவ்வளவுதான்.

அடுத்த கிழமை என்னையும் பொறுப்பாளர் அம்மாவையும் செயலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். எங்களை எதிரெதிராக இருத்திவிட்டு உத்தியோகத்தர் சொன்னார்: "நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு பேரும் ஒரு இடத்துச் சனம். மனசில ஒண்டையும் வச்சிருக்காமல் சமாதானமாப் போங்கோ."

வேலிச் சண்டைக்கும், மாடு பயிரை மேய்ந்ததற்கும் சொல்கிற கதை அது. என் அக்காவின் தசை அழுகுகிறது. அதை இந்த மனிதர் இரண்டு பொம்பிளைகளின் வாய்த்தர்க்கமாக்கிவிட்டார்.

"நான் இவாவோட சண்டை பிடிக்கேல்லை, தம்பி. எந்தச் சண்டையைத் தீர்க்கிறியள்?"

பொறுப்பாளர் அம்மா முந்திக்கொண்டார். "இவ்வளவு பாசமெண்டால் வீட்டில வச்சுப் பாத்திருக்கலாம். இப்பவும் திருப்தி இல்லையெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ."

அந்தச் சொல் எனக்கு எங்கே பட்டது என்று இங்கே சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் அக்கா என் முன்னால்தான் அழுகுவார். அது தெரிந்துதான் பொறுப்பாளர் அம்மா அப்படிச் சொன்னார்.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ அம்மா" என்றார் உத்தியோகத்தர்.

குடித்தால் கோபம் தீர்ந்தது என்று கணக்கு. கோப்பையைத் தள்ளி வைத்தேன். கையெழுத்துக்கு ஒரு தாளை நீட்டினார். வைக்காவிட்டால் விசயம் முடியாமல் கிடக்கும் என்றார்.

"கிடக்கட்டும். நீங்கள் அந்த முதுகைப் பாத்தனீங்களோ?"

"நான் எப்பிடி அம்மா..."

"இந்தக் கந்தோரில பொம்பிளையள் இல்லையோ?"

பக்கத்து மேசையில் இருந்த பெண் உத்தியோகத்தர், இவ்வளவு நேரமும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர், கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். "வாங்கோ அம்மா, இப்பவே போவம்" என்றார். பொறுப்பாளர் அம்மா போனைக் கையில் எடுத்தார். "போன் பண்ணத் தேவையில்லை, நீங்களும் எங்களோடதானே வாறியள்" என்று அந்தப் பிள்ளை சொன்னார். மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் போனோம்.

அக்காவைப் புரட்டியபோது விரிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பிள்ளை வெளியே போய் அம்புலன்சைக் கூப்பிட்டார். அக்கா என்னைத் திட்டித் தீர்த்தார். ஊர்ச் சனத்துக்கு முதுகைக் காட்டி மானத்தை வாங்கிவிட்டேனாம். திட்டட்டும் என்று விட்டேன்.

இப்போது அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். புண்ணை வெட்டித் துப்புரவாக்கிக் கட்டுப் போடுகிறார்கள். மெல்ல மெல்ல ஆறும் என்கிறார்கள். முதல் உத்தியோகத்தர் தோடம்பழமும் கொண்டு வார்ட்டுக்கு வந்தார். நோயாளியைப் பார்க்க வந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழத்தை வைத்த கையோடு கேட்டார்: "இப்ப வைத்தியம் நடக்குது. இனி விசயத்தை முடிப்பமோ அம்மா?"

"இல்லத்தில அக்கா கிடந்த அறையில மற்றக் கட்டிலுகளில கிடக்கிறவையின்ரை முதுகைப் பாத்தாச்சோ?"

"அவையள் ஒருத்தரும் முறைப்பாடு தரேல்லையே."

"நான் தாறன். எழுதுங்கோ."

புதன்கிழமை கந்தோருக்கு வரச் சொன்னார். போனேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாரும் போகும்வரை இருந்தேன். அவர் பேனையைத் திறந்தார், பிறகு நிமிர்ந்து, "நீங்கள் அவையளுக்கு என்ன சொந்தம்? சொந்தக்காரர்தான் தரவேணும்" என்றார்.

சொந்தக்காரர் இருந்திருந்தால் அவர்கள் ஏன் அங்கே கிடக்கிறார்கள்?

"நான் ஒரு சொந்தமுமில்லை. ஆனால் அவையளைப் போய்ப் பாக்கச் சொல்லித்தானே அரசாங்கம் உங்களுக்கு அந்தக் கதிரையைத் தந்திருக்கு."

அவர் பேனையை மூடிவிட்டு, பின்னால் நின்ற ஆளைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நான் எழும்பவில்லை. அந்த ஆள் எனக்குப் பின்னால் நின்றபடியே தன் காணிப் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினார்.