கெண்டை மீன் பாஸ்தா

அன்று மாமியார் தன் அக்காவைப் பார்க்க வந்தவாசிக்குப் போயிருந்தார். மாமனார் ஏரிக் கெண்டை வாங்கி வந்து, "செவுள பாரும்மா, எப்பிடி செவந்து கீது" என்று பையை என்னிடம் நீட்டினார். குழம்பு வைத்திருக்கலாம். ஆனால் ஒரு பெண் தக்காளி சாஸில் மீனை உதிர்த்துப் போட்டு பாஸ்தா செய்ததை போனில் பார்த்ததிலிருந்து எனக்கும் அந்த ஆசை. அத்தை இருந்தால் நடக்காது.

தக்காளியை வேகவைத்துத் தோலுரித்து, பூண்டும் மிளகாய்த் தூளும் சேர்த்து எண்ணெய் பிரிய வதக்கினேன். மீனை ஆவியில் வேகவைத்து முள் எடுக்க உட்கார்ந்தேன். கெண்டைக்கு மயிரிழை போல நுணுக்கமான முள். பாதிக்கு மேல் பொறுமை இல்லை. பசிக்கிறது என்று கணவர் வேறு எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மிச்சத்தை அப்படியே உதிர்த்துக் கலந்துவிட்டேன்.

மாமா தறியிலிருந்து எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார்.

"இன்னாமா இது, பெரிய சேமியா மாதிரி கீது?"

"பாஸ்தா மாமா. சாப்ட்டுப் பாருங்க."

தட்டில் கை வைக்கப் போனார். "கையால வேணாம் மாமா, இதுல சாப்பிடுங்க" என்று முள்கரண்டியைத் திணித்தேன். கணவர் போட்டோ எடுத்தார். மாமாவும் கூச்சத்தோடு சிரித்துக்கொண்டே குத்திக் குத்திச் சாப்பிட்டார். "நல்லாதாம்மா கீது" என்றார். கொஞ்ச நேரத்தில் சட்டென்று நிறுத்தித் தொண்டையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்தோம், வாழைப்பழம் கொடுத்தோம். முள் இறங்கவில்லை. எச்சில்கூட விழுங்க முடியாமல் துண்டில் துப்பிக்கொண்டே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"பாத்து சாப்பிடக் கூடாதா பெரியவரே?" என்றார் டாக்டர்.

நான் வாய் திறப்பதற்குள் மாமா, "வேல பாதில நிக்குது சார். ஜல்தில துன்னுட்டேன்" என்றார், கரகரத்த குரலில்.

டாக்டர் இடுக்கியால் எடுத்துப் பஞ்சில் வைத்த முள்ளின் நுனியில் ரத்தம் இருந்தது. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பிய அத்தையிடமும் அவர் அதையே சொன்னார். "இத்தினி வயசாவுது, மீன் துன்னத் தெரியாதா உனக்கு?" என்று அத்தை பிடித்துக்கொண்டார். மாமா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்ற எனக்குத் தாங்கவில்லை.

"அத்தை, மாமா மேல தப்பு இல்ல. நான்தான் முள்ள சரியா எடுக்கல. கையால சாப்பிட வந்தவர வேணாம்னு சொன்னதும் நான்தான்."

அத்தை அவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீ ஏன் பொய் சொல்ற?"

"விடுடி. ஆசயா செஞ்சுது, பாவம்."

அத்தை பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். அந்தப் 'பாவம்' என்னை விடவில்லை.

இரண்டு நாள் மாமாவுக்குக் கஞ்சிதான். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக மூடி விழுங்குவார். அவர் விழுங்கி முடிக்கும் வரை நான் வாசற்படியை விட்டு நகர மாட்டேன். மூன்றாம் நாள் இட்லியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தேன். கண் மூடாமல் சாப்பிட்டு எழுந்தவர், நான் இன்னும் வாசற்படியிலேயே நிற்பதைப் பார்த்தார்.

"எறங்கிடுச்சும்மா. நீ போயி சாப்புடு."

சரி என்றேன். அன்று மத்தியானம்வரை எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.