மூன்றாம் நம்பர் அறை மீது வந்த புகார்

தொம்மலூர் பழைய ஊருக்குள், ஒரு ஆட்டோ நுழைந்துவிட்டால் எதிரே ஸ்கூட்டர்கூட வர முடியாத சந்தில் இருந்தது கேரலின் வீடு. கீழே அவளும் கணவன் டென்சிலும். மேலே வாடகைக்கு விடும் நான்கு அறைகள். இருவரும் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவள் ஆபீஸில் டைப்பிஸ்ட், அவன் லேத்தில். கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்தபோது ஒரே நாளில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். கைக்கு வந்ததைப் போட்டு மாடி கட்டினார்கள்.

ஐ.டி. பசங்களுக்கு பி.ஜி. விடு, கவலையில்லாமல் இருக்கலாம் என்று சொல்லாதவர்கள் இல்லை. கேரல் கேட்கவில்லை. நடந்து போகும் தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே தன் அம்மாவைச் சேர்த்திருந்த நாட்களில், நோயாளிகளோடு வந்த வெளியூர்க்காரர்கள் மாடிப்படிக்கு அடியில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். அறைகள் அவர்களுக்குத்தான் என்று தீர்மானித்துவிட்டாள்.

சமையல் டென்சில் பொறுப்பு. உப்பில்லாத கஞ்சி, காரமில்லாத ரசம், குழைந்த சாதம், யாருக்கு என்ன வேண்டுமோ அது. துணி துவைக்க முத்தம்மா வருவாள். மற்ற எல்லாம் கேரல். நாலைந்து வருடமாக அறைகள் ஒரு புக்கிங் தளம் வழியாகத்தான் நிரம்பின. அந்தத் தளத்தில் அவளுடைய வீட்டுப் பெயருக்குக் கீழே ‘உடனே பதில் தருபவர்’ என்று ஒரு பச்சை வரி இருக்கும். கேள்வி வந்த ஐந்து நிமிடத்தில் பதில் போய்விடும். இந்த வயதிலும் விசைகளைப் பார்க்காமல் டைப் அடிப்பவள் அவள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அந்த மெயில் வந்தது. மேலே தளத்தின் முத்திரை. கீழே ஒரு தாயின் புகார். போன வாரம் மூன்றாம் நம்பர் அறையில் தங்கினோம், மெத்தையில் மூட்டைப்பூச்சி, என் குழந்தையின் முதுகெல்லாம் தடித்துவிட்டது, படங்களைப் பாருங்கள், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் வராவிட்டால் எல்லோருக்கும் தெரியப்படுத்துவேன்.

கேரலுக்கு முகம் சூடாகிவிட்டது. போன வாரம் மூன்றாம் நம்பரில் ஒரு குழந்தையோடு குடும்பம் இருந்தது உண்மைதான். மாடிக்கு ஓடினாள். முத்தம்மாவைக் கூப்பிட்டு இருவருமாக மெத்தையைப் புரட்டினார்கள். தையல் தையலாகப் பார்த்தார்கள்.

"ஒண்ணுமே இல்லியே அக்கா. இதுல பூச்சி இருந்தா நான் வேலைய விட்டுட்றேன்" என்றாள் முத்தம்மா.

கீழே வந்து, படங்களைப் பார்க்க மெயிலில் இருந்த சுட்டியை அழுத்தினாள். படம் வரவில்லை. நீங்கள் மனிதர்தான் என்று உறுதிப்படுத்துங்கள் என்று ஒரு பெட்டி வந்தது. அதில் மூன்று கட்டளைகள். விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தவும். பிறகு கன்ட்ரோலும் வி-யும். பிறகு என்டர். கேரல் மூன்றையும் ஒரே மூச்சில் அழுத்தினாள். திரையில் ஏதோ ஒரு கறுப்புக் கட்டம் மின்னி மறைந்தது. அவ்வளவுதான். நெட் சரியில்லை என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்டு, மெத்தையை மாற்றுகிறோம் என்று அழகான ஆங்கிலத்தில் ஒரு பதில் எழுதி அனுப்பிவிட்டு, மதியத்துக்குக் கீரை ஆயப் போனாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் புனேயிலிருந்து போன் வந்தது. வீணா என்று ஒரு பெண். தங்கவயலில் இருக்கும் அவளுடைய அப்பா அம்மாவுக்காக ஆறு வாரத்துக்கு அறை போட்டிருந்தாள். அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி, திங்கட்கிழமை ரேடியேஷன் ஆரம்பம்.

"ஆன்ட்டி, கார்டு வெரிஃபை பண்ணாட்டி பன்னெண்டு மணி நேரத்துல புக்கிங் கேன்சல்னு மெசேஜ் போட்டிருந்தீங்களே. பண்ணிட்டேன். ஆனா மூணு தடவ காசு போயிருக்கு. நாப்பத்தெட்டாயிரம். என்ன ஆன்ட்டி இது?"

"நான் மெசேஜ் எதுவும் அனுப்பலியேம்மா."

"உங்க பேர்லதான் வந்திருக்கு. நாம அம்மா சாப்பாடு பத்திப் பேசினோமே, அதே சாட்டுலதான் வந்திருக்கு."

கேரல் போனைக் காதில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தாள். கடவுச்சொல் தவறு என்றது. இன்னொரு முறை அடித்தாள். விரல்கள் தப்பு செய்திருக்காது என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது முறை உள்ளே விடவே இல்லை. அவளுடைய வீட்டுக்குள் வேறு யாரோ உட்கார்ந்துகொண்டு, அவளுடைய குரலில் வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அது ஆரம்பித்தது என்று டென்சில் பிறகு சொல்வான். அவள் கத்தவில்லை. அழவில்லை. பல் பிடுங்கும்முன் ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, அப்படி முகம் ஆகிவிட்டது.

தளத்தின் உதவி எண்ணில் பாட்டுத்தான் ஓடியது. புக்கிங் பட்டியலும் பூட்டிய கணக்குக்குள் இருந்தது. ஆனால் கேரல் பேப்பரில் எழுதாத எதையும் நம்பாதவள். வரப்போகிறவர்களின் பெயரும் போன் நம்பரும் ஒரு நீண்ட நோட்டில் இருந்தன. இருபத்திரண்டு பேர். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பக்கத்தில் டென்சில் பேனாவோடு உட்கார்ந்து பெயர்களுக்கு எதிரே குறி போட்டான்.

எல்லோரிடமும் ஒரே வாக்கியம். நான் கெஸ்ட் ஹவுஸ் கேரல் பேசுகிறேன், என் பெயரில் கார்டு கேட்டு மெசேஜ் வந்தால் கொடுக்காதீர்கள், அது நான் இல்லை. தமிழில், கன்னடத்தில், ஆங்கிலத்தில், தெரிந்த அளவு இந்தியில். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. பன்னிரண்டு பேர் நன்றி சொன்னார்கள். நான்கு பேர் போனை எடுக்கவில்லை. இரண்டு பேர், இப்படிக் கூப்பிடுகிற நீதான் ஃப்ராடு என்று திட்டிவிட்டு வைத்தார்கள். மூன்று பேர் ஏற்கெனவே கொடுத்திருந்தார்கள், வீணாவோடு நான்கு. அந்த மூவரில் ஒருவன் அகர்தலாக்காரன், அப்பாவின் சிறுநீரகத்துக்காக வருகிறவன். அவன் இந்தியில் ஒன்றே ஒன்று கேட்டான்: அக்கா, ரூம் இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது என்றாள்.

"கேரல், ஸ்வல்ப தண்ணி குடி" என்றான் டென்சில். குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்த பிறகுதான், குடித்தது வெந்நீர், நாக்கு சுட்டிருக்கிறது என்று தெரிந்தது.

சைபர் போலீஸ் ஸ்டேஷனில் நாகேஷ் என்கிற இளம் கான்ஸ்டபிள் புகாரை எழுதிக்கொண்டான். நல்ல பையன். எப்படி நடந்தது என்று அவன்தான் விளக்கினான். அந்தப் புகாரே பொய், அறை நம்பர்கூடக் குருட்டாம்போக்கில் போட்டது, அந்த மூன்று கட்டளைகளில்தான் விஷயம். அந்தப் பெட்டியே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரியை நகலெடுத்து வைத்திருக்கும், அதை உங்கள் கையாலேயே ஒட்டி ஓட வைத்துவிடுவார்கள், உள்ளே இருக்கும் கடவுச்சொல்லெல்லாம் அந்தப் பக்கம் போய்விடும்.

"நீவே ஒத்தித்ரா மேடம்?" நீங்களேதான் அழுத்தினீர்களா என்று கன்னடத்தில் கேட்டான்.

"ஹௌது, நானே" என்று ஒப்புக்கொண்டாள் கேரல்.

அவன் அதையும் எழுதிக்கொண்டான். ஓட்டல், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள் இந்த மாதம் இதே மாதிரி ஆறு பேர் வந்ததாகச் சொன்னான். ஆறு பேர் என்று கேட்டதும் ஆறுதலாக இருக்க வேண்டும். அவள் அவனுடைய மேஜைமேல் இருந்த டீ கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீணாவின் அப்பா சேஷகிரியும் அம்மா லட்சுமம்மாவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டார்கள். வரமாட்டார்கள் என்றுதான் கேரல் நினைத்திருந்தாள். சேஷகிரி தங்கவயலில் போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த, விறைப்பான ஆள். லட்சுமம்மா கழுத்தில் சால்வை சுற்றியிருந்தாள்.

கேரல் வாசலிலேயே நின்று, தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள். "சார், தப்பு என்னுது. நான்தான் அத அழுத்தினேன். நீங்க எத்தன நாள் இருந்தாலும் வாடக வேணாம்."

"அப்படின்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம் மேடம்" என்றார் சேஷகிரி.

"இல்ல சார், உங்க பொண்ணு..."

"எடுத்தவன் எவனோ. நாப்பது வருஷம் தபால் போட்டவன் நான். கவர் மேல ஒரு பேர் இருக்கும், உள்ள எழுதினது வேற ஆளா இருக்கும். அதுக்கு யார் வீட்டு வாசல்லயும் போயி நான் சண்ட போட்டதில்ல. படி எந்தப் பக்கம்? இவளால நிக்க முடியாது."

அது பெரிய மனசு என்று கேரலுக்குப் புரிந்தது. புரிந்ததோடு சரி. உள்ளே எங்கும் போய் அது தொடவில்லை. பையை வாங்கிக்கொண்டு படி ஏறினாள்.

அடுத்த வாரங்கள் ஒன்றுபோல ஒன்று போயின. தளம் அவளுடைய கணக்கைப் பரிசோதனையில் இருக்கிறது என்று சொல்லி எடுத்துவிட்டது. புது புக்கிங் இல்லை. இரண்டு அறைகள் காலி. ஞாயிறு கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்பாள், வாய் அசையும். யாராவது என்னாச்சு என்று கேட்டால் நடந்ததை வரிசையாகச் சொல்வாள், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. கம்ப்யூட்டர் மேல் டென்சில் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தான். அவள் எடுக்கவில்லை.

நான்காவது வாரம் லட்சுமம்மாவுக்குக் குரல் போய்விட்டது. தொண்டை வெந்து, கஞ்சிகூட இறங்கவில்லை. டென்சில் அதை மூன்று முறை வடிகட்டி, ஆறவைத்து, ஸ்பூனோடு மாடிக்கு அனுப்புவான். ஒருநாள் காலை சேஷகிரி படி இறங்கி வந்தார். கையில் போன்.

"மேடம், இன்ஷூரன்ஸ்காரங்க மெயில் போட்டிருக்காங்களாம். ஃபாரம் தொறந்து நெரப்பி இன்னிக்கே அனுப்பணுமாம். வீணா மீட்டிங்ல இருக்கா. நீங்க டைப் பண்ணித் தரீங்களா?"

"வேணாம் சார். வேற யார்கிட்டயாவது கேளுங்க."

"எனக்கு இங்க வேற யாரத் தெரியும்?"

டென்சில் கம்ப்யூட்டர் மேலிருந்த துண்டை எடுத்தான். அந்தக் கம்ப்யூட்டரை ஒரு கடைக்காரர் உள்ளே இருந்ததை முழுதாக அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றிக் கொடுத்திருந்தார். கேரல் உட்கார்ந்தாள். சேஷகிரியின் மெயிலைத் திறந்தாள். நீல நிறத்தில் ஒரு சுட்டி இருந்தது. அதன்மேல் கை போகவில்லை. விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன, யாரோ கழற்றி வைத்த கையுறை மாதிரி. சேஷகிரி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரப்படுத்தவில்லை.

அவள் அவர் பக்கம் திரும்பிக் கேட்டாள். "சார், அவங்க குடுத்த பாலிசி புக்கு இருக்கா?"

இருந்தது. அதில் அச்சிட்டிருந்த நம்பரைக் கூப்பிட்டாள். பதினெட்டு நிமிடம் காத்திருந்தாள். நீங்கள் மெயில் அனுப்பினீர்களா, எந்த முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்தப் பக்கம் பேசிய பெண் சலித்துக்கொண்டாள். கேரல் முகவரியை எழுத்து எழுத்தாகச் சொல்ல வைத்து ஒப்பிட்டாள். பிறகுதான் திறந்தாள். படிவம்தான். லட்சுமம்மாவின் பெயர், வயது, ஆஸ்பத்திரி எண். நிரப்பி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பத்து நிமிட வேலை அது. இன்ஷூரன்ஸ் பணம் ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது.

வீணாவிடமிருந்து போன பணம் திரும்பி வரவில்லை. மற்ற மூவரில் ஒருவருக்கு மட்டும் வங்கி பாதியைத் திருப்பியது. அகர்தலாக்காரன் அப்பாவோடு வந்து இருபது நாள் தங்கிவிட்டுப் போனான். அவன் ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தேவலை என்று கேரல் நினைத்தாள். தளம் நவம்பரில் கணக்கைத் திருப்பித் தந்தது. பழைய மதிப்புரைகள் இருந்தன, பச்சை வரி இல்லை. அவள் அறைகளை மறுபடி அதில் போடவில்லை. ஆஸ்பத்திரி கவுன்டரில் இருக்கும் பெண்ணிடம் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது போனில்தான் அறை கேட்கிறார்கள். நான்கில் மூன்று நிரம்புகிறது.

அதற்கெல்லாம் முன்பே, ஆறு வாரம் முடிந்து கிளம்பும் அன்று லட்சுமம்மா படியை மெல்ல மெல்ல இறங்கி வந்தாள். குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. தகரத்தில் மணல் உரசுவதுபோல ஒரு குரல். கேரலின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு மாசத்துல செக்கப்பு. இந்த ரூமையே வையிங்க. வேற எங்கயும் போக மாட்டோம்."

"சரிங்கம்மா" என்றாள் கேரல். தேதி கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஆட்டோ பின்பக்கமாகவே சந்தைவிட்டு வெளியே போனது. டென்சில் கேட்டை மூடினான்.

"நல்லபடியா போறாங்க. சந்தோஷம்தானே?"

"ஆமா, சந்தோஷம்தான்" என்றாள். சொல்லிவிட்டு, அது எங்காவது இருக்கிறதா என்று தேடுபவள்போல ஒரு நொடி நின்றாள். மேலே முத்தம்மா மெத்தை விரிப்பை உருவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். கேரல் படி ஏறிப் போனாள்.