சுமை ஏறினால் வரும் விசில்

எங்கள் லாரி விசிலடிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அப்பா மட்டும் அப்படி ஒரு சத்தமே இல்லை என்று சாதித்தார். லாரியை ஓட்டுபவரே அவர்தான். இதைவிட எரிச்சலூட்டிய வாக்குவாதத்தைப் பிற்பாடு கல்லூரியிலும் அலுவலகத்திலும்கூட நான் பார்த்ததில்லை.

அப்போது எனக்குப் பதினோரு வயது. தாராவியில் பிளாஸ்டிக்கை அரைத்து மூட்டை கட்டுகிறவர்களின் சரக்கை உல்லாஸ்நகரில் கொண்டுபோய் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. அப்பா ஓட்டுவார். அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்தில் உட்கார்ந்து வருவார். விடுமுறை நாட்களில் இருவருக்கும் நடுவில் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் முறையாகப் படித்த முதல் ஆள் நான் என்பதால், லாரியோடு வந்த ஆங்கிலக் கையேடு என் பொறுப்பில் இருந்தது. டர்போ என்பது இன்ஜின் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்ன விசிறி என்று வீட்டுக்கு விளக்கிச் சொன்னவளும் நான்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு மாமா, "அப்ப அந்த ஃபேனுதான் போச்சு" என்று தீர்ப்புச் சொன்னார். என் படிப்பு வீட்டில் இப்படித்தான் பயன்பட்டது.

விசில் எப்போதும் வராது. மூட்டைகளோடு மேம்பாலம் ஏறும்போது, அப்பா ஆக்ஸிலேட்டரை நன்றாக அழுத்தியதும் மெலிதாகத் தொடங்கும். ஏற ஏறக் கூர்மையாகும். காலை எடுத்ததும் நின்றுவிடும். மாமாவுக்கு அது விமானம் இறங்குவதுபோல இருந்தது. ஒருநாள் கூட வந்த அம்மாவுக்கு அடுப்பில் வைத்த குக்கர் ஞாபகம் வந்தது. லாரியில் ஏறியே இராத அக்கம்பக்கத்துக்காரர்களும் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். ஒருவர் ரேடியேட்டர் என்றார், இன்னொருவர் எலி என்றார்.

அப்பாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல. இழுவைதான் கம்மியா இருக்கு." கியர் கம்பியின்மேல் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு அதைச் சொல்வார். காதுக்குப் பக்கத்தில் விசில் கிழிக்கும்போதும் அதையே சொல்வார்.

"ஊரே கேக்கு, ஒங்களுக்கு மட்டும் கேக்கலயா அத்தான்? காதுல பஞ்சு கிஞ்சு வச்சிருக்கீயளா?" என்றார் மாமா ஒருநாள்.

"சத்தம் இருந்தா நான் சொல்லமாட்டனா மாப்ள?" என்றார் அப்பா.

மாமாவின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. உல்லாஸ்நகரில் அவருக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர் லாரியை வாங்கத் தயாராக இருந்தார். டர்போ உடைந்து இன்ஜினையும் கெடுப்பதற்குள் தள்ளிவிடலாம் என்று அம்மாவை மாமா நச்சரித்துக்கொண்டே இருந்தார். லாரி போய்விட்டால் அப்பா இன்னொருவரிடம் டிரைவராகச் சேர வேண்டியதுதான். அந்தப் பேச்சு எழுந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

சரி, லாரி பழுது பார்க்கிற மிஸ்திரியிடம் காட்டலாம் என்றால் அதிலும் ஒரு தொல்லை. சரக்கு ஏறிய வண்டி பட்டறைக்குள் நுழையக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். தன் மூட்டைகள் பட்டறையில் நிற்பதைச் சரக்குக்காரன் பார்த்தால் மறுநாளே வேறு வண்டி பிடித்துவிடுவானாம். ஆகவே சரக்கையெல்லாம் இறக்கிவிட்டு, உள்ளே பெருக்கி, நெற்றியில் பொட்டு வைக்காத குறையாக லாரியைச் செம்பூர் பட்டறைக்குக் கொண்டுபோவோம். அங்கே அது பூனைக்குட்டிபோல உறுமிக்கொண்டு நிற்கும். "ஆவாஸ் கிதர் ஹை?" என்பார் மிஸ்திரி. சத்தம் எங்கே என்று அவர் எங்களைக் கேட்டால் நாங்கள் யாரைக் கேட்பது? மாமா உதட்டைக் குவித்து விசிலடித்துக் காட்டுவார். பட்டறையே சிரிக்கும். அப்பா எங்களைப் பார்த்து, "நான்தான் சொன்னம்லா" என்பார். மறுநாள் மூட்டை ஏற்றிப் பாலத்தைத் தொட்டதும் விசில் வரும்.

எனக்குப் பொறுமை போனது அம்மாவும் மாமா பக்கம் சாய்ந்த அன்றுதான். சமையல் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றபடி அப்பாவிடம் கத்தினேன். அவர் பாட்டுக்கு டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். முன்னால் வந்து நின்றதும், "என்னதா இருந்தாலும் மூஞ்சியப் பாத்துப் பேசுட்டி" என்றார். இது அவருடைய இன்னொரு சட்டம். எங்களுக்கு மரியாதை கற்றுக்கொடுக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

முகத்தைப் பார்த்தே சொன்னேன். "சரக்கு ஏத்துன வண்டி பட்டறைக்குப் போகக்கூடாது, சரி. மிஸ்திரி வண்டிக்கு வரலாம்ல?"

யாருக்கும் இது தோன்றாமல் இருந்ததை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த விடுமுறையில் மூட்டைகள் ஏற்றிய லாரியில் மிஸ்திரியை வைத்துக்கொண்டு கிளம்பினோம். ஜன்னலோரம் அவர், நடுவில் நான். மாமா பின்னால் மூட்டைகள்மேல். மேம்பாலத்தின் ஏற்றத்தில் அப்பா காலை அழுத்தினார். விசில் வந்தது. மிஸ்திரி கையை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வெற்றிக் களிப்பில் நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உச்சிக்கு வந்ததும் காலை எடுத்தார். விசில் நின்றது.

கேட்டதா என்று மிஸ்திரி இந்தியில் கேட்டார். அப்பா அவர் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா. இப்ப நல்லாக் கேக்கு" என்றார்.

அப்போது எந்தச் சத்தமும் இல்லை. பிடிவாதக்காரர் ஒருவழியாக ஒப்புக்கொண்டார், அதையும் தாமதமாக ஒப்புக்கொள்கிறார் என்று எனக்கு மேலும் எரிச்சல் வந்தது. மிஸ்திரி மட்டும் அப்பாவை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.

சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மிஸ்திரி பட்டறையில் பானெட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருந்தது. சுமையோடு ஏறும்போது காற்றின் அழுத்தம் கூடி அந்த இடுக்கு வழியாகக் கசிந்திருக்கிறது. விசில் அதுதான். இழுவை குறைந்ததும் அதனால்தான். கிளிப்பை மாற்றி முடுக்கியதும் மாமாவின் வியாபாரி எங்கள் பேச்சிலிருந்து மறைந்தார். மிஸ்திரி அப்பாவின் கையைப் பிடித்துக் குழாயின்மேல் வைத்து, தினமும் காலையில் இப்படித் தொட்டுப் பார்த்துக்கொள் என்றார். வாயால் சொன்னால் போதாதா என்று நினைத்தேன்.

அப்பாவுக்கு ஹாரன் கேட்கும், ரயில் கேட்கும். மெலிந்த, கூர்மையான சத்தங்கள் மட்டும் இன்ஜின் இரைச்சலிலேயே கழிந்த வருடங்களில் அவரை விட்டுப் போயிருந்தன. நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு டாக்டர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவுக்கு முன்பே தெரிந்திருந்தது.

கிளிப் மாற்றிய அன்று வீடு திரும்பும் வழியில் அப்பா சொன்னார்: "இனிமே ஒரு லீவு நாளும் விடாம எங்கூடவே வந்துரு. புதுசா என்ன சத்தம் கேட்டாலும் ஒடனே சொல்லு."

என் படிப்புக்கு அவர் கொடுத்த பதவி அது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தேன். அதன்பின் ஒவ்வொரு ஏற்றத்திலும் அப்பா ஒருமுறை என் பக்கம் திரும்புவார். பெரிய மனுஷிபோலக் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்: "ஒண்ணுமில்லப்பா, போலாம்."