சுண்ணாம்புக் கட்டம்

குவாரி என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லியே என் தாய்மாமா எங்களை ஏமாற்றினார். அர்த்தத்தைச் சரியாகத்தான் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

காரியாபட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர்க் கண்மாயை ஒட்டி ஒரு மொட்டைப் பாறை. கூலியாகக் கிடைத்த மிளகாய்ப் பழத்தை நிலமில்லாத வீட்டுப் பெண்கள் அதில்தான் காயப்போடுவார்கள். கோடு கிடையாது, வேலி கிடையாது. ஆனாலும் ஒருத்தி இடத்தில் இன்னொருத்தி ஒரு பழம் போடமாட்டாள். எங்கள் குடிசைகூட முதலாளி நிலத்தில்தான் இருந்தது. எங்களுக்கென்று பூமியில் இருந்தது பாறையில் அம்மாவின் அந்த ஒரு மூலைதான்.

அந்த வருஷம் அச்சங்குளம் பக்கம் வெடி கம்பெனிகள் புதிது புதிதாகக் கட்டினார்கள். அஸ்திவாரத்துக்குக் கல் எடுக்க, பாறையைக் குத்தகை பிடித்த காண்டிராக்டர் லாரியோடு வந்தார். வத்தலை அள்ளமாட்டோம் என்று பெண்கள் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். விளைந்த பொருளை மிதிக்கக் கல்லுடைக்கிறவர்களுக்கும் மனசு வரவில்லை. காண்டிராக்டரிடம் புதிதாக மேஸ்திரி வேலைக்குச் சேர்ந்திருந்த மாமா சமாதானம் பேச வந்தார். எட்டாவது வரை படித்தவர்.

"அக்கா, குவாரின்னா இங்கிலீசுல சதுரம்னு அர்த்தம். அவுகளுக்கு எல்லாமே கட்டக் கணக்குத்தான். அவுகவுக இடத்துல சுண்ணாம்பால கட்டம் போட்டு வைங்க. உள்ள ஒருத்தனும் கை வைக்கமாட்டான்."

"நெசமாத்தாம்லே சொல்லுத?"

"ஒன் மக மேல சத்தியம்க்கா" என்று என் தலையில் கை வைத்தார்.

கட்டம் போட வத்தலை அள்ளியாக வேண்டுமே. அள்ளினார்கள். நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அம்மா கோணாமல் கோடு இழுத்தாள். சாயங்காலம் நாங்கள் பிள்ளைகள் அந்தக் கட்டங்களில் பாண்டி ஆடினோம்.

விடிந்து போய்ப் பார்த்தால், எங்கள் சுண்ணாம்புக் கோட்டிலேயே வரிசையாகக் குழி போட்டு ஆப்பு இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெறும் பாறையை மிதிக்க யாருக்கு என்ன தயக்கம்? காண்டிராக்டருக்குக் கோடு போடும் கூலியும் மிச்சம். அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். மாமா லாரிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

பின்னாளில் டீச்சர் டிரெயினிங் படித்த இடத்தில் பெரிய அகராதி ஒன்று இருந்தது. சதுரத்தைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம் அந்த வார்த்தை. கல்லைச் சதுரமாக்கும் இடம் என்று போட்டிருந்தது. அந்த மனுஷன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த வருஷம் சித்திரையில் காட்டு வேலை இல்லை. அம்மா அந்தப் பாறைக்கே ஜல்லி உடைக்கப் போனாள். கஞ்சி கொண்டுபோன நான், அவள் பக்கத்தில் உடைபடாமல் கிடந்த கல்லின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்துவிட்டேன்.

"எம்மா, மாமா சொன்னாப்புல நம்ம கட்டத்த நமக்கே விட்டுட்டாக!" என்று கை தட்டிக் குதித்தேன்.

அம்மா சுத்தியலைப் போட்டுவிட்டு என்னை ஓங்கி அறைந்தாள். எதற்கு அடித்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. நேரே மாமாவிடம் ஓடி, அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.