நாக்கு கறுத்த ஞாயிறு

மரியகொரெட்டிக்கு வாரம் முழுக்க மந்தின் டவுனில் ஒரு தொழிற்சாலையில் தரை துடைக்கும் வேலை. சனிக்கிழமை சாயந்திரம் ரந்தாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தான் பிறந்த லயத்து வீட்டுக்கு எதிரே இருக்கும் மாதா கோயிலைக் கூட்டுவாள். அதற்குச் சம்பளம் கிடையாது. படியோரத்தில் ஒரு செண்டுடுக் செடி இருந்தது. யாரும் நட்டதல்ல. எப்போதும் பச்சை, ஊதாப் பூ, வெடித்துக் கருநீலமாய்ச் சிரிக்கும் பழம். கூட்டி முடித்து ஒரு கைப்பிடி தின்றால்தான் அவளுக்கு வாரம் முடியும்.

அந்தச் செடிக்குத்தான் ஆபத்து. கோயில் கமிட்டித் தலைவர் ஆரோன் படிக்கு வெள்ளை டைல்ஸ் போட்டிருந்தான். பறவைகள் பழத்தைத் தின்று அதன்மேல் எச்சமிட்டன. ஃபாதர் வரும் ஞாயிறு, பூசைக்கு முன்பே ஆரோன் பாராங் கத்தியோடு வந்துவிட்டான்.

“அக்கா, பூசை முடிஞ்சதும் வெட்டிருவேன். ஆளுங்க கம்ப்ளேன் பண்றாங்க லா.”

“கறையத் தொடைக்கிறது நான். அவுங்களுக்கு என்ன நோவுது? வெட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு தின்னு பாரு தம்பி. சின்னப் புள்ளையில உன் சட்டை பூரா இந்தக் கறைதானே.”

ஆரோன் சிரித்துக்கொண்டே ஒன்று பறித்தான். பிறகு நாலைந்து. பேச்சுவாக்கில் அவளும் தின்றாள். மணி அடித்தது.

பூசையில் நன்மை அப்பம் வாங்க ஒரு மணி நேரம் முன்பிருந்தே எதையும் தின்னக் கூடாது என்பது, வரிசை எழுந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள். தலைவர் என்பதால் ஆரோன் முதல் ஆள். முழங்காலிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டினான்.

ஃபாதரின் கை அப்படியே நின்றது. நாக்கு மையில் தோய்த்த மாதிரி இருந்தது.

“எப்பப்பா சாப்பிட்ட?”

“ஐயோ, ஃபாதர்!”

சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்பம் தராமல் அவன் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்பிவிட்டார். பின்பெஞ்சில் யாருக்கும் அடக்க முடியவில்லை.

பூசை முடிந்ததும் ஆரோன் கத்தியை எடுத்து மோட்டார் சைக்கிளில் செருகினான்.

“வெட்டலையா?”

“இப்ப வெட்டினா, நாக்குக்குப் பழி வாங்கிட்டான்னு தோட்டமே சொல்லும் லா.” அவள் வாயைப் பார்த்தவன் நின்றான். “அக்கா! நீங்களும் தின்னீங்கல்ல? அதான் எழும்பலையா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாது?”

“எங்க சொல்றது? நீதான் முதல் ஆளா ஓடிட்டியே.”

அவள் துணியை நனைத்துக்கொண்டு டைல்ஸைத் துடைக்க உட்கார்ந்தாள்.